முந்நூறு பேருக்கு ஒரு செய்தி: எந்த வழியில் அனுப்புவது?

ஒரு சங்கத்தின் செயலாளர் பொறுப்பு என் கைக்கு வந்தபோது, கூடவே ஒரு நோட்டுப் புத்தகமும் வந்தது. அதில் கிட்டத்தட்ட 300 பேரின் போன் எண்கள். கூட்டம் எப்போது, நேரம் மாறியதா, சந்தா கட்டக் கடைசி நாள் எது என்று மாதத்துக்கு மூன்று நான்கு முறை இவர்கள் எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும். கையில்தான் ஸ்மார்ட்போன் இருக்கிறதே, இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். முதல் வாரமே ஒரு குரூப் தொடங்கி எல்லோரையும் சேர்த்துவிட்டு, "நாளைய கூட்டம் 5 மணிக்கு அல்ல, 6 மணிக்கு" என்று போட்டேன். ஒருவர் நன்றி சொன்னார். அப்புறம் இன்னொருவர். கட்டைவிரல், கூப்பிய கை, "சரி சார்" என்று இரவுக்குள் அறுபது எழுபது பதில்கள் குவிந்துவிட்டன. தாமதமாகத் திறந்தவர்களின் கண்ணில் பட்டது அந்த நன்றிகள் மட்டும்தான். அவர்களும் தங்கள் பங்குக்கு ஒன்று கேட்டார்கள்: "கூட்டம் எத்தனை மணிக்கு?"

தப்பு என்னுடையதுதான். குரூப் என்பது பேசுவதற்கான இடம். நான் அதை அறிவிப்புப் பலகையாக நினைத்துக்கொண்டேன். எந்தச் செயலி நல்லது என்று தேடுவதற்கு முன்னால் என்னையே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. இந்தச் செய்திக்குப் பதில் வேண்டுமா? வேண்டுமென்றால் அது எனக்கு மட்டும் வந்தால் போதுமா, எல்லோரும் பார்க்க வேண்டுமா? இதற்கு விடை தெரிந்துவிட்டால் பாதி வழிகள் தாமாகவே கழிந்துவிடும். மீதி இருப்பவற்றில், ஒருவருக்குச் செய்தி போய்ச் சேராவிட்டால் என்ன நஷ்டம் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

சாதாரண எஸ்எம்எஸ்

பழைய வழி என்று இதை ஒதுக்கிவிடுபவர்கள் அதிகம். நானும் ஒதுக்கியவன்தான். ஆனால் இதற்கு இருக்கும் ஒரு பலம் வேறு எதற்கும் இல்லை. எதிரில் இருப்பவர் எந்தச் செயலியையும் நிறுவியிருக்க வேண்டாம், டேட்டா போட்டிருக்க வேண்டாம், பட்டன் போனாக இருந்தாலும் போதும். போன் அணைந்திருந்தால் நெட்வொர்க்கில் உள்ள செய்தி மையம் அதைக் கொஞ்ச காலம் பிடித்து வைத்திருந்து, போன் உயிர்பெற்றதும் ஒப்படைக்கும்.

கணக்குதான் கொஞ்சம் சிக்கல். ஓர் எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட். 1992-ல் முதல் எஸ்எம்எஸ் போன காலத்திலிருந்து இன்றுவரை அது மாறவில்லை. ஆங்கில எழுத்துகள் என்றால் அதில் 160 அடங்கும். தமிழ் போன்ற எழுத்துகள், எல்லா மொழிகளுக்குமான யூனிகோட் என்ற குறியீட்டு முறையில் போவதால் 70 இடங்கள்தான். நமக்கு இன்னொரு இடியும் உண்டு. நம் கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரிகிற 'மா', 'ணி', 'க்' எல்லாம் போனுக்கு இரண்டிரண்டு. மெய்யெழுத்தின் புள்ளிக்குக்கூடத் தனி இடம் வேண்டும்.

"நாளைய கூட்டம் மாலை 6 மணிக்கு. இடம் மாறவில்லை." இதில் நாம் எண்ணுகிற தமிழ் எழுத்துகள் 21. அவை பிடிக்கும் இடங்கள் 36. இடைவெளி, புள்ளி, எண் எல்லாம் சேர்த்தால் 45. சரி, ஒரே எஸ்எம்எஸ்ஸில் அடங்கிவிட்டது. இதோடு "வரும்போது அடையாள அட்டை கொண்டு வாருங்கள்." என்று ஒரு வரியைச் சேர்த்தால் 86 ஆகிவிடும். அதாவது இரண்டு எஸ்எம்எஸ். 300 பேர் என்றால் 600. நீளமான செய்தியை உடைத்து அனுப்பும்போது, துண்டுகளைத் திரும்ப ஒட்டுவதற்கான குறிப்பும் ஒவ்வொரு துண்டிலும் இடம்பிடிப்பதால், தமிழில் துண்டுக்கு 67 இடங்களே மிஞ்சும். ஆங்கிலத்தில் எழுதுபவர்களும் தப்பிக்க முடியாது. நடுவில் ஒரே ஒரு ஸ்மைலி வைத்தால் போதும், முழுச் செய்தியும் 70 கணக்குக்கு இறங்கிவிடும்.

எஸ்எம்எஸ்ஸில் 'ஒரே நேரத்தில் எல்லோருக்கும்' என்பது கிடையாது. 300 எண்களைத் தேர்ந்தெடுத்து ஒரு முறை பொத்தானை அழுத்தினாலும், போன் உள்ளுக்குள் 300 தடவை தனித்தனியாகத்தான் அனுப்புகிறது. இதனால் இரண்டு இடங்களில் முட்டும். ஒன்று, போனே தடுக்கும். ஆண்ட்ராய்டில் ஒரு செயலி குறுகிய நேரத்துக்குள் 30-க்கு மேல் அனுப்பப் பார்த்தால், 'நிறைய எஸ்எம்எஸ் போகிறது, அனுமதிக்கவா' என்று கேட்கும். தெரியாமல் உள்ளே புகுந்த கெட்ட செயலி உங்கள் பணத்தைக் கரைக்காமல் இருக்க வைத்த காவல் அது. இன்னொன்று, சிம் நிறுவனம். தினசரி வரம்பு வைத்திருக்கலாம். வரம்பே இல்லை என்று சொல்லும் திட்டத்திலும், தனிநபர் எண்ணிலிருந்து ஒரே செய்தி நூற்றுக்கணக்கில் போனால் அது விளம்பர மோசடி என்று சந்தேகப்பட்டு எண்ணை நிறுத்தி வைக்கலாம். முப்பது நாற்பது பேர் வரை சொந்த சிம்மில் அனுப்பலாம். அதற்கு மேல் எனக்குத் துணிவில்லை.

(அவசரகாலத்தில் ஒரு பகுதியில் உள்ள எல்லாப் போன்களும் ஒரே சமயத்தில் அலறுமே, அது எஸ்எம்எஸ் அல்ல. செல் பிராட்காஸ்ட் என்று வேறு நுட்பம். வானொலி போலக் கோபுரத்திலிருந்து ஒரே தடவை ஒலிபரப்பாகும், எண்களே தேவையில்லை. உண்மையான 'எல்லோருக்கும் ஒரே நேரத்தில்' அதுதான். ஆனால் சாவி அரசாங்கத்திடம் இருக்கிறது, நமக்குக் கிடைக்காது.)

எஸ்எம்எஸ் அனுப்பத் தீர்மானித்தால் ஓர் அமைப்பை முதலில் பார்த்துவிடுங்கள். பலரைச் சேர்த்து ஒரே செய்தி அனுப்பும்போது, போன் அதை எம்எம்எஸ் (படம் அனுப்பவும் பயன்படும், எஸ்எம்எஸ்ஸின் உறவுமுறை) குழு உரையாடலாக மாற்றிவிடக்கூடும். அப்போது எல்லோருடைய எண்களும் எல்லோருக்கும் தெரியும், ஒருவர் போடும் பதிலும் அத்தனை பேருக்கும் போகும். கூகுளின் மெசேஜஸ் செயலியில் குழுச் செய்தி அமைப்புக்குள் போய், ஒவ்வொருவருக்கும் தனியாக எஸ்எம்எஸ் அனுப்பி, பதில்களும் தனித்தனியாக வரும்படி தேர்வு செய்யலாம். ஐபோனில், இந்த வசதி தெரியும் இடங்களில், குரூப் மெசேஜிங் என்ற பொத்தானை அணைத்துவிட வேண்டும். இந்த ஒரு நிமிட வேலையைத் தவறவிட்டு, யாருக்கும் தெரியக்கூடாத எண்களை ஊருக்கே கொடுத்துவிட்டவர்கள் உண்டு.

எண்களைத் தொகுத்து வைப்பது எளிது. கூகுள் தொடர்புகள் செயலியில் லேபிள் போட்டும், ஐபோனில் பட்டியல் உருவாக்கியும் மொத்தமாகத் தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து அனுப்ப வேண்டுமென்றால் ஐபோனின் ஷார்ட்கட்ஸ் செயலியில், ஒரே வேலையை ஒவ்வொரு பெயருக்கும் திரும்பச் செய்யும்படி எழுதிச் செய்யலாம். ஆண்ட்ராய்டில் எக்செல் கோப்பிலிருந்து பெயரையும் எண்ணையும் எடுத்து அனுப்பும் செயலிகள் இருக்கின்றன. அவற்றில் ஓர் எச்சரிக்கை. எஸ்எம்எஸ் அனுமதி கேட்கும் செயலிகளுக்கு கூகுள் 2019 முதல் பிளே ஸ்டோரில் கடும் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அதனால் இந்த வகையில் சில, ஸ்டோருக்கு வெளியே தனிக் கோப்பாகக் கிடைக்கின்றன. அப்படி ஒன்றை நிறுவி அது கேட்கும் அனுமதியை எல்லாம் கொடுத்தால், வங்கி ஓடிபியைக்கூட அது படிக்க முடியும். முந்நூறு பேருக்குக் கூட்ட நேரம் சொல்வதற்கு அது ரொம்பப் பெரிய விலை.

வாட்ஸ்அப்: ஒரே செயலிக்குள் நான்கு வழிகள்

வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்று யாராவது சொன்னால், எந்த வாட்ஸ்அப்பில் என்று கேட்க வேண்டும். குரூப், பிராட்காஸ்ட் லிஸ்ட், கம்யூனிட்டி, சேனல் என்று நான்கு இருக்கின்றன. நான்குக்கும் குணம் வேறு.

குரூப்பை எல்லோருக்கும் தெரியும். 2022-ல் ஆள் வரம்பு 1,024 ஆனது. எனக்கு நேர்ந்த நன்றி வெள்ளத்தைத் தடுக்க வழியும் இருக்கிறது. அட்மின்கள் மட்டும் செய்தி போடலாம் என்று மாற்றிவிட்டால் குரூப் அறிவிப்புப் பலகையாகிவிடும். ஆனாலும் ஒரு குறை தீராது. உறுப்பினர் பட்டியலில் ஒவ்வொருவர் எண்ணும் மற்றவர்களுக்குத் தெரியும். ஒரே அலுவலகத்தில் வேலை செய்பவர்களுக்கு அது பொருட்டில்லை. ஒருவரையொருவர் அறியாத 300 பேர் இருக்கும் இடத்தில் அது தொல்லை. குறிப்பாகப் பெண்கள் பலர் இதனாலேயே விலகிப் போகிறார்கள். சொல்லிக்கொண்டு போக மாட்டார்கள், அடுத்த கூட்டத்துக்கு வராமல் இருக்கும்போதுதான் நமக்குத் தெரியும். இன்னொன்று, தன்னை யார் குரூப்பில் சேர்க்கலாம் என்று ஒவ்வொருவரும் கட்டுப்பாடு வைத்துக்கொள்ளலாம். வைத்தவர்களை நீங்கள் நேராகச் சேர்க்க முடியாது. அழைப்பு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

பிராட்காஸ்ட் லிஸ்ட்தான் இந்தச் செயலியில் சரியாகப் பயன்படுத்தப்படாத வசதி என்பேன். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், 300 பேர் என்றால் இரண்டு பட்டியல். செய்தி ஒவ்வொருவருக்கும் நீங்கள் தனியாக அனுப்பியது போலவே போய்ச் சேரும். பட்டியலில் வேறு யார் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. பதிலும் உங்களுக்கு மட்டும் வரும். என்னைப் போன்ற ஆளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஒரு நிபந்தனை உண்டு. உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே பிராட்காஸ்ட் போகும். சேமிக்காதவருக்குப் போகாது, போகவில்லை என்று உங்களிடம் யாரும் வந்து சொல்லவும் மாட்டார்கள். விளம்பரக்காரர்கள் இதைக் கையில் எடுக்காமல் இருக்க வைத்த விதி என்பதால் எனக்கு அதில் கோபமில்லை. ஆனால் தெரிந்து வைத்திருக்க வேண்டும். செய்தியை அழுத்திப் பிடித்து, தகவல் பகுதிக்குப் போனால் யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யார் படித்தார்கள் என்று பார்க்கலாம். நான் ஒவ்வொரு முக்கிய செய்திக்கும் மறுநாள் காலை அதைப் பார்க்கிறேன். இரண்டு மூன்று தடவையாகத் தொடர்ந்து, போய்ச் சேர்ந்தவர்கள் பட்டியலில் வராத பெயர்கள் யார் என்று அதிலேயே தெரிந்துவிடும். பெரும்பாலும் அவர்கள் புதுப் போன் வாங்கித் தொடர்புகளை இழந்தவர்கள்.

கம்யூனிட்டி என்பது பல குரூப்களுக்கு மேல் ஒரு கூரை. மேலே ஓர் அறிவிப்புப் பகுதி, அதில் அட்மின்கள் மட்டுமே எழுதலாம். உறுப்பினர்களின் எண்கள் மொத்தக் கூட்டத்துக்கும் தெரியாது, ஒரே துணைக் குரூப்பில் இருப்பவர்களுக்கும் அட்மின்களுக்கும் மட்டும் தெரியும். பல பிரிவுகளும் குழுக்களும் கொண்ட பெரிய அமைப்புக்கு இது பொருந்தும். ஒரே ஒரு பட்டியல் வைத்திருப்பவருக்குத் தேவையில்லாத மாடிப்படி.

சேனல் 2023-ல் வந்தது. பின்தொடர்பவர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது, எண்ணிக்கைக்கும் கவலையில்லை. ஆனால் நீங்கள் யாரையும் சேர்க்க முடியாது, அவர்களாக வந்து பின்தொடர வேண்டும். உரையாடல்களுக்கு நடுவில் வராமல் தனிப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பலர் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. சுவாரசியத்துக்காகப் படிக்கும் தகவல்களுக்கு நல்ல இடம். "இன்று மாலைக்குள் பணம் கட்டுங்கள்" என்பதை அங்கே போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

ஃபார்வர்டு செய்து சமாளிக்கலாமே என்று தோன்றும். ஒரு தடவையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி 2019-லேயே உலகம் முழுக்க வரம்பு வந்துவிட்டது. பலமுறை கைமாறிய செய்தி என்றால் 2020 முதல் ஒரு தடவைக்கு ஒரே உரையாடல்தான். இந்த வரம்புகளைத் தாண்டித் தருகிறோம் என்று வரும் மாற்று வாட்ஸ்அப் செயலிகளின் பக்கம் போகவே வேண்டாம். அவற்றைப் பயன்படுத்துவது விதிமீறல், எண்ணையே முடக்கிவிடுவார்கள். 300 பேரின் தொடர்புப் புள்ளியாக இருக்கிற எண் முடங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

டெலிகிராம், சிக்னல், மற்றவை

எண்ணிக்கை ஆயிரங்களைத் தாண்டினால் டெலிகிராமுக்கு ஈடு இல்லை. குழுவில் 2,00,000 பேர் வரை, சேனலுக்கு வரம்பே இல்லை. போன் எண் காட்டாமலே சேரலாம். ஒவ்வொரு பதிவையும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கை கீழேயே தெரியும். இரவில் எழுதிக் காலையில் போகும்படி நேரம் குறித்து வைக்கலாம், சத்தம் எழுப்பாமல் அனுப்பலாம். நேற்றுச் சேர்ந்தவரும் சேனலின் பழைய பதிவுகளைப் படிக்கலாம். கோப்புகள், பாடக் குறிப்புகள் அனுப்புபவர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இந்தக் கடைசி வசதிக்காகத்தான்.

குறை என்று சொன்னால் இரண்டு. குழுக்களும் சேனல்களும் முனைக்கு முனை மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாத பூட்டு) செய்யப்பட்டவை அல்ல, எனவே அந்தரங்கமான விஷயத்துக்கு ஏற்றதல்ல. அடுத்தது, என் பட்டியலில் பாதிப் பேரிடம் டெலிகிராமே இல்லை. ஒரு செயலி எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதை நிறுவச் சொல்லி 150 பேருக்கு வகுப்பு எடுக்க என்னால் ஆகாது.

சிக்னலுக்கும் இதே கதைதான். 1,000 பேர் வரை குழு, அட்மின் மட்டும் எழுதும் வசதி, எல்லாமே மறையாக்கம். ரகசியம் முக்கியம் என்றால் இதைவிட நல்லது இல்லை, ஆட்கள் அங்கே இருந்தால்.

போனோடு வரும் ஐமெசேஜ் (ஆப்பிளின் செய்திச் சேவை), ஆர்சிஎஸ் (எஸ்எம்எஸ்ஸின் புதிய வாரிசு) இரண்டையும் பெரிய பட்டியலுக்கு நான் எண்ணுவதில்லை. ஐமெசேஜ் குழுவில் 32 பேர்தான். ஆர்சிஎஸ் இப்போது ஐபோனிலும் வந்துவிட்டது என்றாலும், குழுவில் ஒருவரிடம் அது இல்லாவிட்டால் மொத்தக் குழுவும் எம்எம்எஸ்ஸுக்கு இறங்கிவிடும். குடும்பம், நண்பர்கள் அளவுக்குச் சரி.

காசு கொடுத்து அனுப்புவது

மொத்த எஸ்எம்எஸ் சேவை என்று தனியாக இருக்கிறது. இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, எண்களை ஏற்றி, செய்தியை எழுதினால் அவர்களுடைய இணைப்பு வழியாகப் போகும். உங்கள் சிம்முக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. போன் பிரவுசரிலேயே முடித்துவிடலாம். ஆயிரம் எஸ்எம்எஸ் ஆனாலும் சில நிமிடங்கள்தான். ஒவ்வொரு எண்ணுக்கும் போய்ச் சேர்ந்ததா என்று அறிக்கை கிடைக்கும். எண்ணுக்குப் பதிலாக அமைப்பின் சுருக்கப் பெயரே அனுப்பியவர் இடத்தில் தெரியும்படி செய்யலாம். ஆனால் அப்படிப் பெயரில் அனுப்பினால் அதற்குப் பதில் போட முடியாது. "வருகிறீர்களா?" என்று கேட்டுவிட்டு விடை வராமல் விழிக்க வேண்டியதுதான்.

இங்கே துண்டுக் கணக்கு நேரடியாகப் பணம். தமிழில் நான்கு வரி எழுதினால் ஆளுக்கு மூன்று எஸ்எம்எஸ் கட்டணம் ஆகிவிடலாம். பல நாடுகளில் இப்படி அனுப்புவதற்கு முன்னால் அமைப்பைப் பதிவு செய்ய வேண்டும். சில இடங்களில் செய்தியின் மாதிரியையும் முன்கூட்டியே ஒப்புதலுக்குக் கொடுக்க வேண்டும். நாளைக் காலைக்குள் அனுப்ப வேண்டும் என்று இன்று ராத்திரி தொடங்கினால் நடக்காது. பள்ளி, மருத்துவமனை, கூட்டுறவுச் சங்கம் போல வருடம் முழுக்க அனுப்புபவர்களுக்கு இந்த அலைச்சல் ஒரு தடவைதான் என்பதால் கட்டுப்படியாகும். வருடத்துக்கு ஒரு விழா நடத்துபவருக்கு ஆகாது.

நான் எங்கே வந்து நின்றேன்

இப்போது வழக்கமான அறிவிப்புகள் பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் போகின்றன. அரட்டை அடிக்க விரும்புகிறவர்களுக்கு அந்தப் பழைய குரூப் அப்படியே இருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் அங்கே சந்தோஷமாக வணக்கம் போட்டுக்கொள்கிறார்கள், நான் அதை மியூட்டில் வைத்திருக்கிறேன். நேரமோ இடமோ கடைசி நிமிடத்தில் மாறினால் மட்டும், வருகிறேன் என்று சொன்னவர்களுக்கு எஸ்எம்எஸ்ஸும் சேர்ந்து போகும். அவர்கள் முப்பது பேரைத் தாண்டுவது அரிது, அதனால் என் சிம்மே போதும்.

இதைவிட அதிக நேரம் பிடித்தது பட்டியலைச் சுத்தம் செய்வதில்தான். நோட்டிலிருந்த எண்களில் சில இரண்டு தடவை இருந்தன. சில யாருக்கோ கைமாறிவிட்டிருந்தன. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நாட்டுக் குறியீடு இல்லை. எல்லாவற்றையும் ஒரு விரிதாளில் ஏற்றி, நாட்டுக் குறியீட்டோடு ஒரே மாதிரி எழுதி, பக்கத்தில் ஒரு பத்தியில் 'வாட்ஸ்அப் உண்டா', இன்னொரு பத்தியில் 'அனுப்பலாம் என்று சொன்னாரா' என்று குறித்து வைத்தேன். வேண்டாம் என்றவர்களை அன்றைக்கே எடுத்துவிடுகிறேன். நாளை நான் வேறு செயலிக்கு மாறினாலும், பொறுப்பு வேறொருவர் கைக்குப் போனாலும், கூடவே போவது இந்த விரிதாள்தான்.

செய்தியின் தொடக்கத்தில் சங்கத்தின் பெயரைப் போடுகிறேன். தெரியாத எண்ணிலிருந்து இணைப்போடு எது வந்தாலும் மோசடி என்று நினைக்கும் காலம் இது. நினைப்பதில் தப்பும் இல்லை. அதனால் இணைப்பு வைப்பதைக் கூடியவரை தவிர்க்கிறேன். நாள், நேரம், இடம் மூன்றும் முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும். பூட்டிய திரையில் அந்த ஒரு வரிதான் தெரியும், பலர் அதோடு நிறுத்திவிடுவார்கள்.

விரிதாளில் 'வாட்ஸ்அப் உண்டா' என்ற பத்தியில் இல்லை என்று 11 பேருக்குக் குறித்திருக்கிறேன். எல்லோரும் வயதானவர்கள், எஸ்எம்எஸ் வந்தாலும் திறந்து பார்ப்பவர்கள் அல்ல. அவர்களுக்குச் சனிக்கிழமை மாலை போன் செய்கிறேன். கூட்ட நேரம் சொல்ல ஆளுக்கு அரை நிமிடம் போதும். ஆனால் அந்தப் 11 பேரையும் முடிக்க இதுவரை ஒரு தடவைகூட ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக ஆனதில்லை.